முட்டில "டப்"னு ஒரு சத்தம்: ஹாக்கி கீப்பரா நான் மறைச்ச அஞ்சு மாசம்

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம், நான் ட்ரெய்னிங் குடுக்கற ஸ்கூல் டீம்ல கீப்பர் பய ஒருத்தன் ப்ராக்டிஸ் முடிஞ்சு பேடு கழட்டும்போது வலது காலை மட்டும் நீட்டாம மடக்கியே வச்சு உக்காந்திருந்தான். என்னலே ஆச்சுன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லண்ணே"ன்னு தரையப் பாத்துட்டு சொன்னான். எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு, ஏன்னா இதே வார்த்தைய இதே மாதிரி தரையப் பாத்துக்கிட்டே 2017-ல நான் சொல்லிருக்கேன், அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தைலேர்ந்து வந்ததுதான். அன்னைக்கு எனக்கு ஒருத்தர் உக்கார வச்சு சொல்லிருந்தா நல்லாருந்திருக்குமேன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கேன். அதான் எழுதிரலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமா போகும்.

எனக்கு ஊரு கோவில்பட்டி. எங்க ஊர்ல தீப்பெட்டி, கடலைமிட்டாய்க்கு அடுத்து ஹாக்கிதான். மே மாசம் லட்சுமி அம்மாள் நினைவு டோர்னமெண்ட் வந்துட்டா போதும், இந்தியா பூரா இருந்து டீம் வரும், நாங்க சின்னப் பசங்க கோல் போஸ்டுக்குப் பின்னாடிதான் இடம் பிடிப்போம். எல்லாரும் ஃபார்வர்டைப் பாப்பாங்க, நான் கீப்பரைத்தான் பாப்பேன். அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர், அவ்வளவு பெரிய வாசல்ல ஒரே ஆள் நின்னு மறிக்கறது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமா தெரியும். எட்டாம் வகுப்புல பேடு கட்டினேன், அண்டர் 19-ல ஸ்டேட் ஆடினேன், அப்புறம் காலேஜ், யூனிவர்சிட்டி டீம். எங்க ஏரியா கீப்பர் எல்லாருக்கும் இந்தியா டீம் கீப்பரா இருந்த ஸ்ரீஜேஷ்தான் சாமி மாதிரி. பக்கத்து கேரளாவுல ஒரு கிராமத்துல பிறந்து, ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்ல சேரும்போது ஹாக்கியே ஆடாம, கோச் சொல்லி கீப்பரா நின்னவரு. அவருக்கு கிட் வாங்க அவங்க அப்பா வீட்டு மாட்டை வித்தாருன்னு அவரே சொல்லிருக்காரு. எங்க வீட்ல மாடு இல்ல, எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல சேத்த காசுலதான் எனக்கு செகண்ட் ஹேண்ட் கிட் ஒண்ணு 22,000-க்கு வந்துச்சு. பேடு, ஷூவுக்கு மேல மாட்டற கிக்கர், செஸ்ட் கார்டு, ஹெல்மெட், கை ப்ரொட்டெக்டர் எல்லாம் சேத்து. கிக்கரோட அடி ஸ்ட்ராப் மட்டும் தேஞ்சிருந்துச்சு, அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன்.

2017 செப்டம்பர். சென்னைல ஒரு கிளப்புக்கு ஆடிட்டு ரூம் எடுத்து தங்கிருந்தேன், எனக்கு 21 வயசு. ஒரு ப்ராக்டிஸ் மேட்ச், மதியம் மூணு மணி வெயில், டர்ஃப்ல, அதாவது செயற்கைப் புல் தரைல, தண்ணி சரியா அடிக்கல, காஞ்சு போய் கிடந்துச்சு. எதிர் டீம் பையன் ஒருத்தன் தனியா பந்த எடுத்துட்டு கோலுக்கு முன்னாடி இருக்கற வட்டத்துக்குள்ள வந்தான், நான் வெளிய ஏறி இடது பக்கம் காலை விரிச்சு விழுந்தேன். அப்போ வலது கிக்கர் தரைல ஒட்டிக்கிச்சு. ஒடம்பு திரும்பிருச்சு, கால் திரும்பல. முட்டிக்குள்ள "டப்"னு ஒரு சத்தம், எனக்கு மட்டும்தான் கேட்டுச்சுன்னு நினைக்கறேன். ஒரு நிமிஷம் உயிர் போற வலி, அப்புறம் அது குறைஞ்சு போச்சு, எந்திரிச்சு நின்னேன், மிச்ச பத்து நிமிஷமும் ஆடினேன். அதுதான் ஏமாத்துற இடம். வலி குறைஞ்சதும் ஒண்ணும் ஆகலன்னு நினைச்சுட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு முட்டி தேங்கா சைஸுக்கு வீங்கிருச்சு.

இங்கயே சொல்லிர்றேன். முட்டில சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள்ள அது பெருசா வீங்குச்சுன்னா அது சும்மா சுளுக்கு இல்ல, பெரும்பாலும் உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம், லிகமெண்ட், அதாவது எலும்புகளச் சேத்துப் பிடிக்கற நார், கிழிஞ்சிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். நான் ரெண்டு நாள் கழிச்சு ரூம் பக்கத்துல ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு நல்லாருக்குன்னு சொன்னாங்க, சந்தோஷமா வந்துட்டேன். எக்ஸ்ரேல லிகமெண்ட் தெரியாதுங்கறது எனக்கு அப்போ தெரியாது. எலும்பு டாக்டர், அதுலயும் ஸ்போர்ட்ஸ் காயம் பாக்கறவரா பாத்து, அவர் கையால முட்டிய ஆட்டிப் பாக்கட்டும், சந்தேகம்னா எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்வாரு. அந்த ஸ்கேனுக்கு ஆகற 7,000 ரூபாய அப்பவே செலவழிக்காம நான் எவ்வளவு விட்டேன்னு பின்னாடி வருது.

ஏன் யார்கிட்டயும் சொல்லலன்னு கேட்டா, கீப்பரா இருந்து பாத்தாதான் அது புரியும். மத்த பொசிஷன்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தன் உள்ள போவான், ஒருத்தன் வெளிய வருவான், கால் வலிச்சா பெஞ்சுல உக்காந்து மறுபடி போகலாம். கீப்பருக்கு அது கிடையாது, உள்ள இருந்தா முழு மேட்ச், இல்லன்னா ஒண்ணுமே இல்ல. டீமுக்கு ரெண்டு கீப்பர், ஆடறது ஒருத்தன். ஒலிம்பிக்ஸ்ல அதுவும் இல்ல, 16 பேர் டீம்ல பெரும்பாலும் ஒரே ஒரு கீப்பர்தான். டோக்கியோ, பாரிஸ் ரெண்டுக்கும் கிருஷண் பதக் ரிசர்வ்லதான் இருந்தாரு, அவர் எவ்வளவு நல்ல கீப்பர், ஏஷியன் கேம்ஸ் தங்கம் ஜெயிச்ச டீம்ல இருந்தவரு. அந்த அளவுக்கு இந்த இடம் குறுகலானது. எனக்குப் பின்னாடி ஒரு பையன் நின்னுட்டிருந்தான், 19 வயசு, நல்ல ரிஃப்ளெக்ஸ். நான் ஒரு வாரம் லீவு போட்டா அவன் நிப்பான், அவன் நல்லா நின்னுட்டா என் கதை முடிஞ்சுதுன்னு ராத்திரி தூக்கம் வராது. அந்தப் பையன்மேல எனக்கு கோவம்கூட இல்ல, பயம்தான். பயத்துலதான் நான் முட்டிக்கு க்ரேப் பேண்டேஜ் சுத்தி அதுக்குமேல பேடு கட்டினேன். கீப்பருக்கு அது ஒரு வசதி, பேடுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

அதே வருஷம் மே மாசம் மலேஷியால அஸ்லான் ஷா கப்ல ஸ்ரீஜேஷுக்கும் முட்டி லிகமெண்ட் போயிருந்துச்சு. அவர் ஆபரேஷன் பண்ணிட்டு வெளிய இருந்தாரு. அக்டோபர்ல டாக்கால ஏஷியா கப், ஆகாஷ் சிக்டேயும் சூரஜ் கர்கேராவும்தான் கீப்பர், இந்தியா கப் ஜெயிச்சிருச்சு. நான் ரூம்ல காலுக்கு ஐஸ் கட்டி வச்சுட்டு போன்ல பாத்துட்டிருந்தேன். இந்தியா ஜெயிச்சப்ப எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பாங்க, எனக்கு மட்டும் நெஞ்சு அடைச்சுது. பாரு, ஸ்ரீஜேஷ் இல்லாமலே ஜெயிச்சுட்டாங்க, அவருக்கே இந்த நிலைமைன்னா நான் எம்மாத்திரம்னு. ஆனா அதே ஆளு ரீஹேப் முடிச்சு 2018 ஜனவரில திரும்பி வந்தாரு, அந்த வருஷமே சாம்பியன்ஸ் ட்ராபிக்கு கேப்டனா போனாரு, அதுக்கப்புறம் டோக்கியோல வெண்கலம், 36 வயசுல பாரிஸ்ல இன்னொரு வெண்கலம். பாரிஸ் காலிறுதில பிரிட்டனுக்கு எதிரா இந்தியா பத்து பேரோட ஆடினப்ப அவர் நின்ன நிலைய யாரும் மறக்க முடியாது. ரெண்டு மெடலுமே அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது. இது எனக்கு 2017-ல தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, ஆனா இப்போ உங்களுக்குத் தெரியும். கிழிஞ்ச முட்டியோட நிக்கறவனுக்குத்தான் இடம் போகும். சொல்லிட்டு சரி பண்ணிக்கிட்டு வர்றவனுக்கு ஒரு வருஷம் போகும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு கட்டு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. எண்ணெய் போட்டு நல்லா அழுத்தி தேச்சு, மூங்கில் வச்சு கட்டினாங்க, மூணு தடவைக்கு 4,500. நான் கட்டு வைத்தியமே தப்புன்னு சண்டை போட வரல, எங்க தாத்தாவுக்கு கை முறிஞ்சப்ப கட்டுதான் கட்டினாங்க, சேந்துச்சு. ஆனா முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல் லிகமெண்ட் முழுசா அறுந்துபோனா கட்டு போட்டு ஒட்டாது, எலும்பு சேர்ற மாதிரி அது பழையபடி சேராது. வீங்கின முட்டில சூடா எண்ணெய் போட்டு உருட்டித் தேக்கறது வீக்கத்த இன்னும் கூட்டத்தான் செய்யும். முதல் ரெண்டு மூணு நாள் ஐஸ், ரெஸ்ட், லேசான பேண்டேஜ், காலை தலகாணி மேல தூக்கி வைக்கறது, இதுக்கு மேல யாரையும் தொட விடாதீங்க, டாக்டர் பாக்கற வரைக்கும்.

மூணாவது வாரத்துல வீக்கம் வத்திருச்சு, நேரா நடந்தா ஒண்ணும் தெரியல, நேரா ஓடினாலும் தெரியல. மாடிப்படி இறங்கும்போது மட்டும் முட்டி "நழுவுற" மாதிரி ஒரு உணர்வு, திரும்பும்போது கால் நம்ம காலே இல்லங்கற மாதிரி. இந்த நழுவலத்தான் முக்கியமா கவனிக்கணும். ஒவ்வொரு தடவை நழுவும்போதும் உள்ள இருக்கற ஜவ்வு மெத்தை, மெனிஸ்கஸ்னு சொல்வாங்க, அது கொஞ்சம் கொஞ்சமா நசுங்கும். டிசம்பர் யூனிவர்சிட்டி மேட்ச்சுல நான் வெளியவே ஏறாம லைன்லயே நின்னு ஆடினேன். கோச் கேட்டாரு, ஏன்டா ஏற மாட்டேங்கற, மூணு கோலு உன்னாலதான் போச்சுன்னு. பயம் வந்துருச்சுன்னு டீம்ல பேசிக்கிட்டாங்க. அந்தப் பேரைக்கூட வாங்கிக்கிட்டேன், முட்டின்னு வாயத் தொறக்கல. அதை நினைச்சா இப்பவும் அழுகை வரும்.

2018 பிப்ரவரில ஒரு டிபார்ட்மெண்ட் டீம்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா ட்ரையல்ஸ். இதுக்காகத்தான் எல்லாத்தையும் மறைச்சது. நம்மள மாதிரி வீட்டுக்கு ஹாக்கின்னா மெடல் மட்டும் கிடையாது, வேலைதான். முதல் நாள் ஷாட் ஸ்டாப்பிங், நல்லா பண்ணேன், பெனால்டி கார்னர்ல நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல வர்ற ட்ராக் ஃப்ளிக், அதாவது பந்த மட்டையால இழுத்து வீசற ஷாட், ரெண்ட கையில தட்டிவிட்டேன், செலக்டர் பேப்பர்ல என்னமோ குறிச்சத பாத்தேன். ரெண்டாவது நாள் ஷூட்அவுட். 23 மீட்டர் கோட்டுலேர்ந்து 8 செகண்ட், அவன் வருவான், நாம ஏறிப்போய் கோணத்த அடைக்கணும். முதல் பையன அடைச்சுட்டேன். ரெண்டாவது பையன் இடதும் வலதும் காட்டினான், நான் திரும்பினேன், முட்டி நழுவி விழுந்தேன், விழுந்தவன் எந்திரிக்க முடியல. கால் மடங்கின இடத்துலயே பூட்டு போட்ட மாதிரி நின்னுருச்சு, நீட்டவும் முடியல மடக்கவும் முடியல. ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து வெளிய போட்டாங்க, அடுத்த கீப்பரைக் கூப்பிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நான் பேடோட அந்த சிமெண்ட் படில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

எம்ஆர்ஐல ஏசிஎல் முழுசா அறுந்திருந்துச்சு, அதோட மெனிஸ்கஸ் கிழிஞ்சு ஒரு துண்டு மூட்டுக்கு நடுவுல வந்து மாட்டிருந்துச்சு. மதுரைல டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போ அடிபட்டுச்சு. செப்டம்பர்னு சொன்னேன். அவர் திட்டல, பேனாவ கீழ வச்சுட்டு என்னைப் பாத்தாரு. அப்பவே வந்திருந்தா லிகமெண்ட் மட்டும் போட்டா போதும், மெனிஸ்கஸ் தப்பிச்சிருக்கும், இப்போ தைக்க முடிஞ்சா தைக்கறேன் இல்லன்னா கிழிஞ்ச பகுதிய எடுக்கணும்னாரு. கடைசில எடுக்கத்தான் வேண்டி வந்துச்சு. சீக்கிரம் பண்ணணும்னு சொல்லியும் பணம் பொரட்ட ஏழு வாரம் ஆச்சு, அம்மாவோட செயினும் வளையலும் அடகுக்குப் போச்சு.

கணக்க அப்படியே சொல்றேன், யாருக்காவது உதவும். ஆபரேஷன் ப்ரைவேட்ல 1,60,000. எம்ஆர்ஐ 7,000. முட்டிக்கு மாட்டற ப்ரேஸ் 3,500. பிசியோ ஒரு தடவைக்கு 350, எழுபது தடவைக்கு மேல போனேன், கிட்டத்தட்ட 27,000. கட்டுக்குப் போன 4,500. நகைக் கடன் வட்டி, ரெண்டரை வருஷம் கழிச்சு மீட்டப்ப, 42,000. பஸ் செலவ விட்டுட்டா மொத்தம் 2,44,000. ஆபரேஷன் காசு மட்டும் ரெடி பண்ணிட்டு பிசியோவுக்கு கையில ஒண்ணுமில்லாம நின்னேன், இந்தத் தப்ப நிறைய பேர் பண்றாங்க, ஆபரேஷன் பாதி வேலைதான், மீதி பாதி பிசியோ. பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்லயும் இந்த ஆபரேஷன் பண்றாங்க, நான் விசாரிக்கவே இல்ல, நீங்க முதல்ல அங்க விசாரிங்க. இன்சூரன்ஸ் விஷயம் இன்னொண்ணு. கிளப்புல எங்களுக்கு ஆக்சிடெண்ட் பாலிசி ஒண்ணு போட்டிருந்தாங்க, க்ளெய்ம் பண்ணப்ப அடிபட்ட தேதிக்கு டாக்டர் சீட்டு எங்கன்னு கேட்டாங்க. என்கிட்ட இருந்தது எலும்பு நல்லாருக்குங்கற எக்ஸ்ரே சீட்டு, அப்புறம் அஞ்சு மாசம் கழிச்சு எடுத்த எம்ஆர்ஐ. ரிஜெக்ட் ஆயிருச்சு. அதனால அடிபட்ட அன்னைக்கே, இல்ல மறுநாளாவது, எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் சீட்டுல எழுதி வாங்குங்க, கோச்சுக்கு வாட்ஸ்அப்லயாவது ஒரு மெசேஜ் போட்டு வைங்க. தேதியோட ஒரு ஆதாரம் இருக்கணும்.

ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ள மாசங்கள்தான் ரொம்ப தனிமை. முதல் ஆறு வாரம் வாக்கர், ப்ரேஸ், தொடை சதை பாதியா இளைச்சுப் போச்சு, அத பாக்கவே பிடிக்காம வேட்டிய போட்டு மூடிக்குவேன். டீம் குரூப்ல மேட்ச் போட்டோ வரும், மியூட் பண்ணிட்டேன். நாலாவது மாசம் ஓட ஆரம்பிச்சதும் நல்லாயிட்டேன்னு நினைச்சு பேடு கட்டப் போனேன், பிசியோ அக்கா போன்லயே கத்தினாங்க. புதுசா வச்ச லிகமெண்ட் உள்ள ஊறி பலமாக நாளாகும், ஒன்பது மாசத்துக்கு முன்னாடி ஆட்டத்துக்குப் போனவங்களுக்கு மறுபடி கிழியறது ரொம்ப அதிகம்னு சொன்னாங்க. மாசக் கணக்கு மட்டும் பத்தாது, ஒத்தக் கால்ல குதிச்சு ரெண்டு காலும் கிட்டத்தட்ட சமமா வருதான்னு டெஸ்ட் பண்ணித்தான் விடுவாங்க. அந்த டெஸ்ட் இல்லாம யாரும் இறங்காதீங்க. கீப்பருக்குன்னு தனியா ஒண்ணும் இருக்கு, காலை விரிச்சு விழறது, விழுந்த இடத்துலேர்ந்து எந்திரிக்கறது, பேடோட பக்கவாட்டுல நகர்றது, இதெல்லாம் பிசியோவுக்குத் தெரியாது, நாமதான் வீடியோ காட்டி சொல்லணும். நான் காட்டினதுக்கு அப்புறம்தான் அவங்க எக்சர்சைஸையே மாத்தினாங்க. பொம்பளப் பிள்ளைங்க கீப்பரா இருந்தா இன்னும் கவனம், இந்த லிகமெண்ட் கிழியறது பசங்கள விட அவங்களுக்கு அதிகம்னு டாக்டரே சொன்னாரு. அடிபடறதுக்கு முன்னாடியே குதிச்சு இறங்கற எக்சர்சைஸ், தொடை பின் சதை எக்சர்சைஸ் வாரத்துல ரெண்டு மூணு நாள் பண்ண வைங்க.

2019 ஏப்ரல்ல மறுபடி பேடு கட்டினேன். கிக்கருக்கு புது ஸ்ட்ராப் போட்டேன், மைதானத்துல தண்ணி அடிக்கலன்னா வார்ம் அப்புக்கே இறங்க மாட்டேன்னு சொல்லப் பழகினேன். ஆட்டம் திரும்பி வந்துச்சு, வேலை வரல. ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பு பலதுல கடைசி ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள ஆடின ஆட்டத்துக்குத்தான் மதிப்பு, என்னோட அந்த வருஷங்கள் காலியா கிடந்துச்சு. லோக்கல் டோர்னமெண்ட் ஆடி ஆடி மறுபடி ஒரு சர்டிபிகேட் சேக்கறதுக்குள்ள 2020 மார்ச், கொரோனா, மைதானம் எல்லாம் பூட்டு. தொறக்கறப்ப எனக்கு 25 தாண்டப் போகுது, நிறைய இடத்துல அதுதான் வயசு வரம்பு. இதையும் சின்னப் பசங்க தெரிஞ்சுக்கணும், ஆடின ஒவ்வொரு மேட்ச் சர்டிபிகேட்டையும் லேமினேட் பண்ணாம ஃபைல்ல வைங்க, எந்த வேலைக்கு எந்த லெவல் ஆட்டம் செல்லும்னு அறிவிப்ப வரி வரியா படிங்க, டிகிரிய நடுவுல விட்றாதீங்க. நான் பி.காம் முடிச்சிருந்ததாலதான் இப்போ ஒரு ஆபீஸ்ல கணக்கு பாத்துட்டு சாயங்காலம் பசங்களுக்கு கீப்பிங் சொல்லிக் குடுக்க முடியுது.

கண்ணப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். 2009-ல இந்தியா டீம் கீப்பர் பல்ஜித் சிங்குக்கு புனே கேம்ப்ல ப்ராக்டிஸ் பண்றப்ப கோல்ஃப் பால் வலது கண்ணுல பட்டு, அதோட அவர் இந்தியாவுக்கு ஆடறதே நின்னு போச்சு. ரிஃப்ளெக்ஸ் ட்ரில்லுன்னு சின்ன பால் வச்சு அடிக்கறப்ப ஹெல்மெட் கம்பி இடைவெளிக்குள்ள அது நுழையுமான்னு முதல்ல வச்சுப் பாருங்க. நான் பசங்களுக்கு மெத்துனு இருக்கற டென்னிஸ் பால்தான் போடறேன், அதுக்கும் ஹெல்மெட் இல்லாம நிக்க விடறதில்ல.

அந்தப் பய விஷயத்துக்கு வர்றேன். ஒண்ணும் இல்லண்ணேன்னவன அன்னைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போய் பாத்தேன், முட்டி உள்பக்கம் வீங்கிருந்துச்சு, அழுத்தினா கத்தினான். மறுநாள் மதுரைக்கு கூட்டிட்டுப் போனோம். ஏசிஎல் நல்லாருக்கு, உள்பக்க லிகமெண்ட் பாதி கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் ப்ரேஸ் போட்டா போதும்னாங்க. டாக்டர் ரூம்ல எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ஆனா அவனுக்கு அது சந்தோஷமா இல்ல, மூணு வாரத்துல டோர்னமெண்ட். ஸ்கூல்ல இருக்கறது ஒரே ஒரு கிட், அவன் கட்டலன்னா ரெண்டாவது கீப்பர் பையன் கட்டுவான். திரும்பி வர்ற பஸ்ல "அவனுக்கு பேடு குடுக்காதீங்கண்ணே"ன்னான், ஜன்னலப் பாத்துக்கிட்டே. என்னால பதில் சொல்ல முடியல. மறுநாள் சாயங்காலம் ரெண்டாவது கீப்பர் பையனுக்கு நானே பேடு கட்டிவிட்டேன். அடிபட்டவன் அந்தப் பக்கம் கேட்டுல நின்னு பாத்துட்டு போயிட்டான், அன்னைலேர்ந்து என்கிட்ட பேசறதில்ல. பிசியோவுக்கு மட்டும் வர்றான். நாளைக்கு காலைல ஏழு மணி பஸ், அவங்க அம்மாவுக்கு லீவு கிடைக்கல, நான்தான் கூட்டிட்டுப் போறேன்.